இரண்டு பத்து

இரவு இரண்டு பத்துக்கு ஓட வேண்டிய வேலை
மூன்று இரவாக ஓடவில்லை.
மல்லாவிப் பால் நிலையத்தில்
முந்நூற்றுப் பதினேழு பேரின் லீற்றர்கள்
கூட்டப்படாமல் கிடக்கின்றன.

பதிவேட்டில் ஒரே வரி:
கடவுச்சொல் தரப்படவில்லை.

தந்தேனே.
என் கையாலேதான் எழுதி வைத்தேன்.
இயந்திரத்தின் பெயர், வாசல் இலக்கம், தரவுத்தளம்,
ஆள், சொல்.
இடையில் நாலு முக்காற்புள்ளி.
பகலில் நான் ஓட்டினால் ஓடுகிறது,
அதுதான் எரிச்சல்.

யசிந்தா எடுத்தாள்.
"அக்கா, பதினைஞ்சாம் திகதி காசு போடோணும்.
யோகபுரத்து ஆக்கள் இப்பவே வந்து நிக்கினம்.
கொம்பியூட்டருக்குக் காய்ச்சல் எண்டு சொல்லியிருக்கிறன்."

பத்து மணிக்கு வந்து குந்தினேன்.
தகரத்தில் மழை.
வயல் பக்கம் ஒரு யானைவெடி,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
வேலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடச் சொல்லிவிட்டு
அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றுக்குத்தான் மண்டையில் ஏறியது:
இரவில் ஓடுவது நானில்லை.
நேரம் பார்த்து வேலை ஓட்டும் அந்த ஏவலாளுக்கு
வேறு பெயர், வேறு வீடு.
என் வீட்டுக்குள் நான் வைத்த சொல்லை
அது எட்டிக்கூடப் பார்த்திராது.
அதன் வீட்டைத் திறந்தேன்.
ஒரு கோப்பும் இல்லை.
இத்தனை மாதமும் எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள்,
போன கிழமை வரை கதவுக்குப் பூட்டே இல்லை.
பூட்டியது நான்.

பிரதி எடுத்து வைத்தேன். விழுந்தது.
இந்த முறை ஒரு எச்சரிக்கை:
எல்லாரும் வாசிக்கக் கூடிய கோப்பாம்,
ஆகவே அது வாசிக்காதாம்.
ரோசக்காரப் பிறவி.
அறுநூறு என்று அனுமதியை இறுக்கினேன்,
உடையவர் மட்டும் வாசிக்கலாம்.
விழுந்தது.
உடையவர் இன்னும் நான்தான்.
ஏவலாள் தன் வீட்டிலேயே
என் பூட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறது.

உரிமையை மாற்றி எழுதினேன்.
தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது, குடித்தேன்.
விழுந்தது.

ஒன்றரை.
எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.
கோப்பில் இயந்திரத்தின் பெயர் சொல்லாக இருந்தது.
ஏவலாள் அதையே எண்ணால் கூப்பிடுகிறது,
நூற்று இருபத்தேழில் தொடங்கும் எண்.
இரண்டும் இதே பெட்டிதான்,
இந்த மேசைக்குக் கீழே
என் காலில் சூடு ஊதிக்கொண்டிருக்கிற
இதே பெட்டி.

ஓமந்தையில் ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது.
அட்டையில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு,
பாஸில் அது இருந்தது.
ஐந்து மணித்தியாலம் வாங்கில் இருத்தினார்கள்.
முகத்தைப் பாருங்கோ என்றேன்.
அவன் எழுத்தைப் பார்த்தான்.
கோப்பும் அவனும்
ஒரே பள்ளிக்கூடம்தான்.

நட்சத்திரக் குறி ஒன்று போட்டால் முடிந்தது.
யாரும் எந்தப் பெயராலும் கூப்பிடலாம்.
விரல் அந்த விசை வரை போனது.
போடவில்லை.
இரண்டு பெயரையும் எழுதினேன்,
ஒன்றின் கீழ் ஒன்று,
அதே சொல்லை இரண்டு தரம்.
பெயர் இரண்டென்றால்
வரி இரண்டாக இருக்கட்டும்.
அன்றைக்கு அவர்களிடமும்
இன்னொரு வரிக்குத் தாளில் இடம் இருந்தது.

இரண்டு பத்து.
பதினொரு செக்கன் எடுத்தது.
முந்நூற்றுப் பதினேழு வரிசை.
நான் கத்தவில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு
மழை விட்டதா என்று பார்த்தேன்,
விடவில்லை.

நாலரைக்கு, முதல் பால் கான் இறங்குகிற நேரம்,
யசிந்தாவின் செய்தி:
"வந்திட்டுது அக்கா.
ஆனா தெய்வேந்திரத்தாரின்ர பாலுக்குக்
கொழுப்புப் பூச்சியம் எண்டு காட்டுது.
மனுசன் சைக்கிளை விட்டு இறங்கிறார்,
நான் என்ன சொல்ல?"